தென்னாப்பிரிக்காவில் உதவித்தொகைப் பணம் வெளிநாட்டவருக்குப் போகிறதா?

கேள்வி: "டர்பனில் இருக்கிறேன். அம்மாவின் முதியோர் உதவித்தொகை மனுவைத் தள்ளிவிட்டார்கள். அரசுப் பணமெல்லாம் மலாவி, ஜிம்பாப்வே, மொசாம்பிக் என்று வெளியிலிருந்து வந்தவர்களுக்குப் போவதாக எல்லோரும் சொல்கிறார்கள். அவர்களை வெளியேற்றினால் நம் முதியவர்களுக்கும் வேலையில்லாத பிள்ளைகளுக்கும் கூடுதலாகக் கிடைக்கும் அல்லவா? அரசு முதலில் எதற்குச் செலவிட வேண்டும்?"

பதில்:

கிடைக்காது. அவர்களை வெளியேற்றினாலும் உங்கள் அம்மாவுக்கு ஒரு சதம் கூடப் போவதில்லை. ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன். இதே பேச்சை நான் வாரந்தோறும் கேட்கிறேன், கேட்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

நான் டர்பனின் இந்தியர் பகுதியான சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள். சமூகப் பணியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது எங்கள் கோயில் கூடத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு உதவித்தொகை மனுக்களை நிரப்பிக் கொடுக்கிறேன். வரிசையில் காத்திருப்பவர்கள் பேசுவதெல்லாம் காதில் விழும். "எல்லாம் வெளிநாட்டுக்காரன் கொண்டு போகிறான்" என்று ஒருவர் தொடங்கினால் போதும், கூடமே தலையசைக்கும். தலையசைப்பவர்களில் பாதிப் பேர் அன்று காலை ஒரு மலாவிப் பெண் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்ட முதியவர்கள்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். முதியோர் உதவித்தொகை, ஊனமுற்றோர் உதவித்தொகை, குழந்தை உதவித்தொகை ஆகியவற்றை வாங்க ஒருவர் குடிமகனாகவோ, நிரந்தர வதிவிட உரிமை பெற்றவராகவோ, முறைப்படி ஏற்கப்பட்ட அகதியாகவோ இருக்க வேண்டும். கொரோனா காலத்தில், 2020 மே மாதம், 350 ராண்டாகத் தொடங்கிய வேலையில்லாதோர் நிவாரணத்தை மட்டும், நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, புகலிடம் கேட்டு மனுப் போட்டுக் காத்திருப்பவர்களும் சிறப்பு அனுமதி பெற்றவர்களும் கோரலாம். 2024-இல் அது 370 ராண்டானது. எல்லை வேலிக்கு அடியில் நுழைந்து வந்து, காகிதம் (வதிவிட ஆவணம்) எதுவும் இல்லாமல் இருப்பவருக்கு எந்த உதவித்தொகையும் கிடையாது. போலி அடையாள எண்ணை வைத்து வாங்குகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் மாதச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர்களே இந்த 350 ராண்டையும் வாங்கியிருந்ததைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கண்டுபிடித்ததையும் மறந்துவிடக் கூடாது. அவர்கள் எந்த எல்லையையும் தாண்டி வந்தவர்கள் அல்லர்.

நிரந்தர உரிமை பெற்ற வெளிநாட்டவருக்கு மட்டும் எதற்குக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி 2004-இல் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. வழக்குத் தொடுத்தவர்கள், 1980-களில் போருக்குத் தப்பி இங்கே வந்து, நிரந்தர உரிமையும் பெற்றுவிட்ட மொசாம்பிக் நாட்டு ஏழைகள். சாசனத்தின் 27-ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்பை எல்லோருக்கும் உரியதாக்கியிருக்கிறது, ஆகவே இவர்களை விலக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செலவு தாங்காது என்று அரசுத் தரப்பு வாதிட்டது. கணக்குப் பார்த்தால், இவர்களைச் சேர்ப்பதால் ஏறும் செலவு மொத்த உதவித்தொகைச் செலவில் இரண்டு சதவீதத்தையும் எட்டவில்லை.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள் 6 கோடியே 20 இலட்சம். அவர்களில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் ஏறத்தாழ 24 இலட்சம். கணக்கில் விடுபட்டவர்கள் உண்டு என்பீர்கள். சரி, இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். விடுபட்டவர்களில் பெரும்பாலோர் காகிதம் இல்லாதவர்கள். காகிதம் இல்லாதவர்களுக்கு உதவித்தொகையும் இல்லை.

இனி உங்கள் அம்மாவின் விஷயம். நம்மில் பலர் உதவித்தொகையை ஒரே அண்டாச் சோறாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். முன்னால் நின்றவன் அள்ளிக்கொண்டால் பின்னால் நிற்பவருக்கு இல்லை என்று. அது அப்படி நடப்பதில்லை. இத்தனை பேருக்குத்தான் என்று இதில் ஒதுக்கீடு கிடையாது. 60 வயது நிரம்பி, வருமானமும் சொத்தும் வரம்புக்குள் இருந்தால், மனுப் போட்ட ஒவ்வொருவருக்கும் கொடுத்தே ஆக வேண்டும். பத்துப் பேர் வந்தாலும் பத்து இலட்சம் பேர் வந்தாலும் அதுதான் விதி. ஒரு காங்கோ அகதிக்குக் கிடைத்ததால் சாட்ஸ்வொர்த்தில் ஒருவருக்குக் கிடைக்காமல் போனது என்று ஒருபோதும் நடப்பதில்லை. உங்கள் அம்மாவின் மனு தள்ளுபடியானதற்குக் காரணம் அவருடைய கோப்பில்தான் இருக்கும். கடைசியில் அதற்கு வருகிறேன்.

எங்கள் கூடத்துக்கு எண்பதைத் தாண்டிய ஓர் ஆயா வருவார். மாதத்தின் முதல் வாரத்தில் முதியவர்களுக்கு ஒரு நாள், ஊனமுற்றோருக்கு மறுநாள், குழந்தைகளுக்கு அதற்கடுத்த நாள் என்று பணம் விழும். முதல் நாளே அவர் டாக்ஸி பிடித்துக் கடைவீதிக்குப் போய்விடுவார். 2025-இல் முதியோர் உதவித்தொகை 2,300 ராண்டுக்குச் சற்று மேல், 75 வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் 20 ராண்டு. அதில் முதலில் மின்சார டோக்கன். அடுத்து ஈமச்சடங்குச் சங்கத்துச் சந்தா. அரிசி வாங்காவிட்டாலும் அதைக் கட்டிவிடுவார். பிறகு அரிசி, எண்ணெய், பருப்பு. மிச்சத்தில் வேலை தேடும் பேரனுக்குப் பஸ் செலவும் செல்பேசிக்கு டேட்டாவும். ஒருமுறை உதவித்தொகைப் பணம் எடுக்கும் அட்டையைக் கேட்டபோது கையை விரித்தார். மஷோனிசா எனப்படும் வட்டிக்காரன் அதைப் பிடித்து வைத்திருந்தான். பணம் விழும் நாளில் இயந்திரத்தின் அருகில் நின்று, தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் இவர் கையில் கொடுப்பானாம். அப்படி அட்டையைப் பிடித்து வைப்பது குற்றம். எங்கள் தெருக்களில் அது வெளிப்படையாகவே நடக்கிறது.

அந்த ஆயா ஒரு நாள் என்னிடம் உண்மையாகவே கேட்டார். "பிள்ளை, அவர்களையெல்லாம் அனுப்பிவிட்டால் எனக்குக் கூட்டிக் கொடுப்பார்களா?"

"மாட்டார்கள், ஆயா" என்றேன்.

"அப்படியானால் என் தங்கையை யார் குளிப்பாட்டுவது?" என்றார். படுத்த படுக்கையாக இருக்கும் தங்கையைப் பார்த்துக்கொள்பவள் ஒரு மலாவிப் பெண். அந்த வீட்டின் கணக்கில் அவள் செலவு அல்ல, வரவு. அது அவருக்குப் புரிந்திருந்தது.

நம்மவர் வாயிலிருந்து இந்தப் பேச்சு வரும்போது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1860 நவம்பர் 16-ஆம் தேதி, ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. கரும்புத் தோட்டத்தில் முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி. ஒப்பந்தம் முடிந்தவர்கள் காய்கறி பயிரிட்டார்கள், மீன் பிடித்தார்கள், சிறு கடை வைத்தார்கள். உடனே "வந்தவன் பிழைப்பைப் பறிக்கிறான்" என்ற கூச்சல் எழுந்தது. 1895-இல், டர்பன் அடங்கிய அன்றைய ஆங்கிலேயக் குடியேற்றமான நேட்டாலின் அரசு சட்டம் போட்டது: ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமலும் மறு ஒப்பந்தத்தில் சேராமலும் தங்குகிறவர் ஆண்டுக்கு 3 பவுன் கட்ட வேண்டும். அதாவது 60 ஷில்லிங், முதலாண்டுக் கூலியில் ஆறு மாதச் சம்பளம். அந்த அரசு முதலில் கேட்டது 25 பவுன். இந்தியாவின் வைஸ்ராய் ஒப்புக்கொண்டது மூன்றுக்கு. பின்னர் 16 வயது மகனுக்கும் 13 வயது மகளுக்கும் அதே வரி விதிக்கப்பட்டது. இதை எதிர்த்துத்தான் 1913-இல் நியூகாசல் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் மூண்டது. தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-இல் தம் 16-ஆம் வயதில் இறந்தது அந்தப் போராட்டத்தில்தான். அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். மாலை போட்ட கையோடு வெளியே வந்து, எல்லை தாண்டி வந்தவனை விரட்டு என்கிறோம்.

வரி ஒழிந்த பிறகும் விடவில்லை. 1927-இல் கேப்டவுன் உடன்பாட்டின்படி, இந்தியாவுக்குத் திரும்பிப் போகச் சம்மதிக்கும் ஒவ்வொரு பெரியவருக்கும் 20 பவுன் கொடுத்தார்கள். இங்கேயே பிறந்தவர்களையும் சேர்த்துத்தான். மறு ஆண்டே முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. வெள்ளையருக்கும் கலப்பினத்தாருக்கும் உண்டு, ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இல்லை. 1944-இல்தான் நம்மைச் சேர்த்தார்கள், அதுவும் குறைந்த தொகையில். ஆப்பிரிக்கருக்கு இன்னும் குறைவு. எல்லா இனத்துக்கும் ஒரே தொகை என்று ஆனது 1993-இல். நாம் இந்த நாட்டின் நிரந்தர மக்கள் என்பதை அரசு ஒப்புக்கொண்டதே 1961-இல்தான். கப்பல் வந்து நூறு ஆண்டுகள் கழிந்து விட்டிருந்தன. என் தாய்வழித் தாத்தா கரும்பு ஆலையில் உழைத்து ஓய்ந்த மனிதர். ஒரு பென்னி ஓய்வூதியம் வாங்காமலே போய்ச் சேர்ந்தார். அவர் செய்த ஒரே குற்றம், பெற்றோர் கப்பலில் வந்தவர்கள் என்பது.

இதனால் எல்லையைத் திறந்து போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வேலையின்மை மூன்றில் ஒரு பங்கை நெருங்கும் நாடு இது. அரசு மருத்துவமனையில் விடியற்காலையிலிருந்து நிற்பவருக்குப் பின்னால் வருகிறவர் மீது எரிச்சல் வருவது இயற்கை. புகலிட மனுக்கள் முடிவில்லாமல் ஆண்டுக்கணக்கில் தேங்குகின்றன. காகிதம் காசுக்கு விற்கப்படுகிறது என்பதும் ஊரறிந்த செய்தி. இவையெல்லாம் நிர்வாகத்தின் ஓட்டைகள், அடைக்க வேண்டியவை. ஆனால் 2025-இல் இதே டர்பனில், அரசு மருத்துவமனை வாசலில் ஒரு கூட்டம் நின்றுகொண்டு, உள்ளே போகிறவர்களிடம் அடையாள அட்டை கேட்டுத் திருப்பி அனுப்பியது. கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் இலவச மருத்துவம் என்று நம் சுகாதாரச் சட்டமே சொல்கிறது. வலி எடுத்து வந்த பெண்ணைத் தடுத்து நிறுத்துவதால் எந்த மருந்தும் மிச்சமாகாது.

கூலியைக் குறைக்கிறார்கள் என்ற புகாரில் நியாயம் உண்டு. அதற்கும் குற்றவாளி வேறு. 2025 மார்ச்சில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28 ராண்டு 79 சதமாக இருந்தது. காகிதம் இல்லாதவன் புகார் கொடுக்க மாட்டான் என்று தெரிந்துகொண்டு, அதைவிடக் குறைத்துக் கொடுக்கும் உணவக முதலாளியும் பட்டறை முதலாளியும் இருக்கிறார்கள். அவர்களில் நம் ஆட்களும் உண்டு. தொழிலாளர் துறை ஆய்வாளர்களை இரண்டு மடங்காக்கி, அந்த முதலாளிகளுக்கு அபராதம் போடுங்கள். மலிவுக் கூலிக்கு ஆள் பிடிக்கும் ஆசை தானாக அடங்கும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் அதே வேலை நியாயமான கூலியில் கிடைக்கும். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு நாம் கொடுப்பது அந்தக் கணக்குக்குச் சரியாக வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் எங்கேதான் போகிறது? 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் உதவித்தொகைகளுக்குச் சுமார் 28,000 கோடி ராண்டு. அரசு வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் 42,000 கோடி ராண்டைத் தாண்டுகிறது. கருவூலத்துக்கு வரும் ஒவ்வொரு ராண்டிலும் சுமார் 22 சதம் வட்டியாகவே போய்விடுகிறது. ஒரு கோடியே 30 இலட்சம் குழந்தைகள், முதியவர்கள், ஊனமுற்றோர், வேலையில்லாதவர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுப்பதைவிட வட்டி ஒன்றரை மடங்கு. இந்தக் கடன் எப்படி ஏறியது? வளராத பொருளாதாரம் ஒரு காரணம். பொது நிறுவனங்களைத் தூக்கி நிறுத்தக் கொட்டிய பணம் இன்னொன்று. எஸ்காம் மின் நிறுவனத்தின் கடனில் 25,400 கோடி ராண்டை அரசே ஏற்பதாக 2023-இல் அறிவித்தது. பின்னர் அதைச் சற்றுக் குறைத்தார்கள். ஏறத்தாழ ஓராண்டு உதவித்தொகைச் செலவு, ஒரே நிறுவனத்துக்கு. அந்த நிறுவனம் உட்படப் பொது நிறுவனங்கள் எப்படிச் சூறையாடப்பட்டன என்பதை நீதிபதி ஸோண்டோ ஆணையம் 2018 முதல் 2022 வரை விசாரித்துத் தொகுதி தொகுதியாக எழுதி வைத்திருக்கிறது. அதில் வரும் பெயர்களில் எல்லை வேலி தாண்டி வந்த ஜிம்பாப்வேக் கூலியாள் எவரும் இல்லை.

பணம் போதவில்லை என்றதும் அரசின் கை எங்கே போனது என்பதையும் பார்த்தோம். 2018-இல் மதிப்புக் கூட்டு வரியை 14-லிருந்து 15 சதவீதமாக்கினார்கள். 2025-இல் நிதியமைச்சர் கோடொங்வானா மறுபடியும் ஏற்ற முயன்றார். முதலில் 17 சதவீதம் என்ற யோசனை. கூட்டணிக்குள் சண்டை மூண்டு பிப்ரவரி வரவுசெலவுத் திட்டமே தள்ளிப்போனது. பிறகு அரை சதவீதம் என்றார்கள். ஏப்ரல் 24-ஆம் தேதி அதையும் கைவிட்டார்கள். உதவித்தொகை வாங்குபவர்கள் வரி கட்டாதவர்கள் என்று பேசுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அரிசி, பருப்பு, பழுப்பு ரொட்டி ஆகியவற்றுக்கு இந்த வரி இல்லை. கோழிக்கும் சோப்புக்கும் மின்சார டோக்கனுக்கும் உண்டு. நாட்டின் வரி வருவாயில் நான்கில் ஒரு பங்கு இப்படித்தான் சேர்கிறது. நான் சொன்ன ஆயா மாதம் தவறாமல் வரி கட்டுகிறார். அந்த மலாவிப் பெண்ணும் கட்டுகிறாள், எந்த உதவித்தொகையும் வாங்காமல்.

"இலவசமாகக் கொடுத்தால் சோம்பேறியாவார்கள்" என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. 2025-இல் குழந்தைக்கு மாதம் 560 ராண்டு. அரசே வரைந்த உணவு வறுமைக்கோட்டுக்கு அது கீழே. 370 ராண்டு நிவாரணம் அந்தக் கோட்டின் பாதியைக்கூட எட்டவில்லை. அதில் யாரும் படுத்துக்கொண்டு வாழ முடியாது. 2021 ஏப்ரலில் அந்த நிவாரணத்தை நிறுத்தினார்கள். ஜூலையில் என்ன நடந்தது என்று டர்பன்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கலவரத்தில் 350-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், டர்பனின் இன்னொரு இந்தியர் பகுதியான பீனிக்ஸில் மட்டும் எத்தனை உயிர்கள் போயின. ஆகஸ்டில் நிவாரணம் திரும்ப வந்தது. பசி மட்டுமே அந்தக் கலவரத்துக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரசே அவசரமாக நிவாரணத்தைத் திரும்பக் கொண்டுவந்தது.

அரசு முதலில் எதற்குச் செலவிட வேண்டும் என்று கேட்டீர்கள். என்னைக் கேட்டால், தண்ணீர்க் குழாய்க்கு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அடித்துக்கொண்டு போனது. அந்த ஊர் மக்கள் மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் வாளியோடு ஓடினார்கள். வெள்ளம் இல்லாத காலத்திலும் நம் மாநகராட்சி விடும் தண்ணீரில் பாதிக்கு மேல் கசிந்தோ திருட்டுப் போயோ காசாகாமல் வீணாகிறது. குழாய் மாற்றினால் தண்ணீரும் மிஞ்சும், வருவாயும் ஏறும், குழி தோண்டவும் பற்றவைக்கவும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலையும் கிடைக்கும். அதற்கடுத்து ஆரம்பச் சுகாதார நிலையங்களில் கூடுதல் செவிலியர்கள். உதவித்தொகையை விலைவாசிக்கு ஏற்ப ஏற்றுவது இவற்றோடு சேர்ந்தே நடக்க வேண்டியது. அதை யாருக்கும் போடும் பிச்சையாக நான் பார்ப்பதில்லை. உள்ளாட்சித் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வருபவர் வெளிநாட்டவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், உங்கள் வார்டில் எத்தனை குழாய்கள் மாற்றப்பட்டன என்று கேளுங்கள்.

கடைசியாக உங்கள் அம்மாவின் மனு. ஏன் தள்ளினார்கள் என்பதை எழுத்தில் கொடுக்கக் கடமை உண்டு. முதலில் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் கூடத்துக்கு வரும் மனுக்களில் நான் அடிக்கடி பார்ப்பவை மூன்று. அப்பா உயிருடன் இருந்தால் அவருடைய வருமானமும் சேர்த்துப் பார்க்கப்படும், அதை மறைத்து எழுதியிருந்தால் சிக்கல். நீங்கள் மாதாமாதம் அம்மாவின் வங்கிக் கணக்கில் போடும் பணத்தை வருமானமாக எடுத்துக்கொண்டிருக்கலாம்; அது பெற்ற பிள்ளை செலவுக்குக் கொடுப்பது என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி இணையுங்கள். மூன்றாவது வீடு. அம்மா குடியிருக்கும் வீடு சொத்துக் கணக்கில் வராது; அவர் பெயரில் வாடகைக்கு விட்ட இன்னொரு வீடு இருந்தால் வரும். முடிவு தெரிந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மறுபரிசீலனைக்கு எழுத வேண்டும். கடிதத்தில் என்ன காரணம் போட்டிருக்கிறார்கள் என்பதை, அடையாள எண்ணை மறைத்துவிட்டு, இங்கே பதிவிடுங்கள். எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.